மருமகனுக்குப் போட்ட சஹர்ச் சோறு

மருமகன் எங்கள் வீட்டுக்கு வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. அந்த நாலு வருடத்தில் நான் அவருடன் நேருக்கு நேர் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. கோபம் எதுவும் இல்லை. எங்கள் ஊர்களில் அப்படித்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். வீடு மகளுக்கு எழுதிக் கொடுத்த வீடு. உம்மாக்காரி பின்னறைக்கும் அடுக்களைக்கும் ஒதுங்கிவிடுவாள். முற்றத்தில் அவர் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டால் நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

சொல்ல வேண்டியது இருந்தால் மகளிடம் சொல்வேன். "மருமகனுக்குச் சொல்லு, கூரையில ஒரு ஓடு விலகிக் கிடக்கு எண்டு." அவர் அடுத்த அறையில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். ஆனாலும் மகள் போய் இன்னொரு தரம் சொன்ன பிறகுதான் ஏணியை எடுப்பார். அது மரியாதை.

மகள் வீட்டில் இல்லாத நேரத்தில் சோறு போட வேண்டி வந்தால் பீங்கானை அறை வாசலில் வைத்துவிட்டு, அகப்பைக் காம்பால் கதவு நிலையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஒதுங்குவேன். அவர் வந்து எடுப்பார். தின்று முடித்ததும் பீங்கானை அதே இடத்தில் வைப்பார். ஒரு நாளும் ஒரு பருக்கை மிச்சம் வைத்தது கிடையாது. மாமி போட்ட சோற்றை மிச்சம் வைப்பது அழகில்லை என்று அவருடைய உம்மா, அல்லாஹ் அவளுக்கு அருள் செய்யட்டும், சொல்லிக் கொடுத்து வளர்த்திருந்தாள். அதை நினைத்து எனக்குப் பெருமைதான். ஊரில் எத்தனையோ பேருடைய மருமகன்மாரைப் பார்த்திருக்கிறேன்.

அவருக்கு அரிசி மில்லில் வேலை. மூடை இறக்குவார், மெஷினும் ஓட்டுவார். அது தொண்ணூறுகளின் கடைசி. சிறுபோகத்து நெல் மில்லுக்கு வந்து குவிகிற காலம். ஒரு நாள் பகல் தோளில் மூடையை ஏற்றியபோது நெஞ்சுக்குள் ஏதோ கிழிந்த மாதிரி இருந்ததாம். மூடையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து தண்ணீர் குடித்தாராம். அன்றைக்கு வீட்டில் சொல்லவில்லை. இரண்டு நாள் போனதும் மல்லாந்து படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். மகள் அவர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு அடுக்களைக்கு ஓடி வந்தாள்.

"உம்மா, இவர்ட நெஞ்சுக்குள்ள துருசு துறந்த மாதிரி இரையுது."

குளத்துத் துருசைத் திறந்தால் வாய்க்காலுக்குள் தண்ணீர் விழுந்து ஓயாமல் இரையும். அப்படி ஒரு சத்தம் மனிதனுடைய நெஞ்சுக்குள் கேட்பது நல்லதில்லை என்பதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டியதில்லை. என் தம்பியைக் கூப்பிட்டு, முச்சக்கர வண்டி பிடித்து, கல்முனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே ஓர் இளம் டொக்டர் வெகு நேரம் குழாய் வைத்துக் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு இன்னும் இரண்டு டொக்டர்மாரைக் கூப்பிட்டு அவர்களையும் கேட்க வைத்தாராம். "மாறி மாறிக் கேட்டாங்க ராத்தா, ரேடியோவுல புதுப்பாட்டுப் போட்ட மாதிரி" என்று தம்பி வந்து சொன்னான். அவன் எந்த நேரத்திலும் இப்படித்தான் கதைப்பான்.

மறுநாள் நானே போய் அந்த டொக்டரைக் கேட்டேன். அவர் பொறுமையான பிள்ளை. ஒரு கடதாசித் துண்டில் படம் வரைந்து காட்டினார். இருதயத்தில் இருந்து உடம்பு முழுவதற்கும் இரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாய் புறப்படுகிற இடத்தில் மூன்று சின்னப் பைகள் மாதிரி இருக்குமாம். இவருக்குப் பிறவியிலேயே அதில் ஒரு பையின் சுவர் மெல்லிசு. அது வருடக்கணக்காகக் கொப்புளம் மாதிரி ஊதி, மூடை தூக்கிய அன்று வெடித்துவிட்டது. வெளிப்பக்கம் வெடித்திருந்தால் மில்லிலேயே மௌத்து. உள்பக்கம் வெடித்ததால், உடம்புக்குப் போக வேண்டிய இரத்தத்தில் ஒரு பங்கு இருதயத்தின் வலப்பக்க அறைக்குள்ளேயே திரும்பக் கொட்டிக்கொண்டிருக்கிறது.

"மேல்வயலுக்கும் கீழ்வயலுக்கும் இடையில வரம்பு உடைஞ்சிட்டு. அதுதானே தம்பி?" என்று கேட்டேன்.

டொக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஓம் உம்மா. நான் படிச்ச புத்தகத்துல இவ்வளவு லேசாச் சொல்லயில்ல."

"உடைப்ப அடைக்கலாமா?"

"நெஞ்சத் திறந்து அடைக்கிறதுதான் வழக்கம். கொழும்புல செய்வாங்க. ஆனா அதுக்குக் காத்திருக்கிற ஆக்கள் கனக்கப் பேர். இவர்ட இருதயம் இப்பவே வீங்கிக் களைச்சிட்டு. அவ்வளவு நாள் தாங்குமா எண்டு எனக்குச் சொல்லத் தெரியா."

அவர் கொழும்புக்குக் கடிதம் எழுதினார். இரண்டு கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. வெளிநாட்டு டொக்டர் ஒருவர் ஐந்து நாளைக்கு வருகிறார். நெஞ்சைத் திறக்காமல், தொடையில் ஊசி குத்தி, மெல்லிய குழாயை இரத்தக் குழாய் வழியாக இருதயம் வரைக்கும் கொண்டுபோய், சுருக்கி வைத்த குடை மாதிரி ஒரு சாமானை ஓட்டைக்குள் விரித்து அடைத்துவிடுவார். இருதயத்தில் உள்ள வேறு ஓட்டைகளை அப்படி அடைத்திருக்கிறார்கள். இப்படி வெடித்த இடத்தை அடைப்பது உலகத்திலேயே இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. விருப்பமென்றால் அந்தக் கிழமைக்குள் கொண்டுவரலாம்.

இதைக் கேள்விப்பட்டு மருமகனின் ராத்தாமார் மூன்று பேரும் ஒன்றாக வந்து இறங்கினார்கள். "எங்கட தம்பிய நாங்க கொண்டு போறம் மாமி. உங்களுக்கு வயசு போயிட்டு. புள்ளக்கும் எட்டு மாசம்." அது உண்மைதான். மகள் பெருவயிற்றோடு இருந்தாள், அவளால் போக முடியாது. ஆனால் அவர்கள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஏதோ நாங்கள்தான் மூடை தூக்க வைத்துக் கெடுத்துவிட்டோம் என்பது போல. நான் எழுந்து நின்று சொன்னேன்: "என்ட வீட்டுக்கு நடந்து வந்த மருமகன். நடத்தித்தான் திருப்பிக் கொண்டு வருவன். நீங்க போய் ஆகுற வேலயப் பாருங்க."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பின்வாங்குகிற பழக்கம் எனக்கு இல்லை.

கொழும்பு பஸ்ஸில் நாங்கள் மூன்று பேர். மருமகன் ஜன்னல் பக்கம், நடுவில் என் தம்பி, இந்தப் பக்கம் நான். தம்பிக்குச் சிங்களமும் தெரியும், கொழும்பும் தெரியும். ஆனால் அந்தப் பயணத்தில் அவனுக்கு அதைவிடப் பெரிய வேலை இருந்தது.

"தம்பி, மருமகனுக்குத் தண்ணி வேணுமா கேளு."

"மருமகன், மாமி தண்ணி வேணுமா எண்டு கேக்குறா."

"மாமா, இப்ப வேணாம் எண்டு சொல்லுங்க."

"ராத்தா, இப்ப வேணாமாம்."

மகாஓயாவைத் தாண்டியதும் அவனுக்குப் பொறுமை போய்விட்டது. "நான் என்ன டெலிபோன் கம்பியா? ரெண்டு பேருக்கும் இடையில ஒரு முழந்தான் இரிக்கி. நான் பின் சீட்டுக்குப் போறன், நீங்களே கதச்சிக்கோங்க" என்றான். நான் முறைத்த முறைப்பில் சீட்டிலேயே இருந்தான்.

அப்போது வழி நெடுகச் செக்பொயின்ட். எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, அந்தப் பக்கம் நடந்து போய் ஏற வேண்டும். மருமகன் பத்து எட்டு வைத்ததும் நின்று மூச்சு வாங்கினார். உதடு நீலம். அவருடைய பையையும் நான் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் போனேன். முன்னால் போனால் அவர் வேகமாக நடக்கப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். சோதித்த பொலிஸ்காரன் பையைத் திறந்து, சோறு கட்டிய வாழையிலையைப் பார்த்துவிட்டு மூடினான்.

கொழும்பில் தங்கியது எங்கள் பக்கத்து மனிசி ஒருத்தியின் வீட்டில். அட்டாளைச்சேனையில் பிறந்து கொழும்பில் வாழ்க்கைப்பட்டவள். ஊரில் இருந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்குப் பின்பக்கத்து அறை ஒன்றைக் கொடுப்பாள். அறை ஒன்றுதான். நடுவில் சேலையைக் கட்டி அந்தப் பக்கம் மருமகன், இந்தப் பக்கம் நானும் மண்ணெண்ணெய் அடுப்பும். தம்பி பக்கத்துப் பள்ளிவாசலில் படுத்தான்.

மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். இரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். வார்ட்டில் கட்டில் இல்லாததால் வெளியில் இருந்தே வந்துபோகச் சொன்னார்கள். கடைசியில் அவருக்குக் கிடைத்தது ஐந்தாம் நாள். அதற்கு மறுநாள் விடிய அந்த வெளிநாட்டு டொக்டருக்குப் பிளேன்.

நாலாம் நாள் பின்னேரம் மருமகன் உள்ளே சோதனைக்கு இரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். தம்பி மருந்து வாங்கப் போயிருந்தான். நான் வெளி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். கொழும்புக்கார அட்டன்டன் ஒருவர், எங்கள் ஆள், தலையில் தொப்பி, என்னிடம் வந்து அக்கறையாகச் சொன்னார்: "உம்மா, நாளக்கி இவரு நோன்பாளி மாதிரி இருக்கோணும். தண்ணி கூடக் குடுக்க வாணாம். காலம ஆறு மணிக்குக் கூட்டிட்டு வாங்கோ." கையில் ஒரு துண்டும் தந்தார். அது இங்கிலீஷில் இருந்தது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தமிழைக்கூட எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். துண்டை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

நோன்பு என்றால் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏழு வயதில் இருந்து பிடிக்கிறேன். அவர் நோன்பு என்றால் நானும் அவரோடு, கடமையில்லாவிட்டாலும் நன்மைக்காகப் பிடிக்கிற ஒரு சுன்னத்து நோன்பு பிடிப்பது என்று நிய்யத்து வைத்தேன். நோன்பு பிடிக்கிறவனுக்குச் சஹர் வேண்டும், விடியுமுன் தின்கிற சோறு. சஹர் செய்யாமல் பிடிப்பது சுகமுள்ள ஆளுக்கே ஆகாது. இவரோ களைத்துப்போன இருதயக்காரர். நாளை முழுக்க வயிறு காயப்போகிறது.

விடியற்காலைச் சுபஹ் பாங்குக்கு முக்கால் மணி நேரம் முந்தி எழுந்தேன். சோறு காய்ச்சி, பருப்புக் கறி வைத்து, இரண்டு முட்டை பொரித்தேன். வீட்டுக்காரியிடம் கேட்டு வாங்கி வைத்த எருமைத் தயிரும் சீனியும் வாழைப்பழமும் இருந்தன. தயிர் சேர்த்துத் தின்றால் பகலில் தாகம் எடுக்காது. பீங்கானைச் சேலைக்கு அடியால் அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, அடுப்புத் தகட்டில் அகப்பைக் காம்பால் இரண்டு தட்டுத் தட்டினேன்.

பீங்கான் அங்கேயே கிடந்தது. அவர் விழித்திருந்தார், பாய் சரசரத்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு தட்டுத் தட்டினேன். அதன் பிறகு பீங்கான் உள்ளே போனது. திரும்பி வந்தபோது ஒரு பருக்கை இல்லை. தயிர் வைத்த சின்னக் கோப்பையும் வழித்த மாதிரி இருந்தது. நானும் தின்று, வாய் கொப்பளித்து, சுபஹ் தொழுதேன். மனம் நிறைவாக இருந்தது.

ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்தோம். தாதி ஒருத்தி, அவர்களை அங்கே மிஸி என்பார்கள், தம்பியிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டாள். தம்பி பெரிதாகத் தலையாட்டினான். மருமகனுக்குப் பச்சை உடுப்பைப் போட்டு, தள்ளுக் கட்டிலில் ஏற்றி, உள் நடைக்குக் கொண்டுபோனார்கள். தம்பி தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டான். என் பக்கத்தில் திருக்கோவில் பக்கத்துத் தமிழ்ப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுடைய ஆறு வயது மகளுக்கும் இருதயத்தில் ஓட்டையாம், அன்றைக்குத்தானாம்.

"ராவு முழுக்க அழுகை அக்கா" என்றாள். "பத்து மணிக்குப் புறகு பச்சத் தண்ணியும் குடுக்கப்படாதெண்டு சொல்லிட்டாங்க. விடியக் காத்தால பிஸ்கட் கேட்டு ஒரே அழுகை. நான் மனதக் கல்லாக்கிக்கிட்டுக் குடுக்கல்ல."

"ராவுல இருந்தா? விடிஞ்சாப் புறகுதானே குடுக்கப்படாது?"

"இல்லக்கா. மயக்க மருந்து குடுக்கிறதெல்லோ. வயித்தில சோறு கிடந்தா மயக்கத்தில சத்தியா மேல வந்து, மூச்சுக் குழாய்க்குள்ள போயிருமாம். ஆள் தப்புறது கஷ்டமாம். அந்த மிஸி ரெண்டு தரம் சொன்னவ."

முக்காட்டுத் தொங்கலை விரலில் சுற்றிக்கொண்டு இருந்தேன். சோறு, பருப்பு, இரண்டு முட்டை, தயிர், பழம். அவர் தின்று மூன்று மணி நேரம் ஆகவில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டுமானால் சொல்லத்தான் வேண்டும். நான் உடனே எழும்பவில்லை. கொஞ்ச நேரம் அந்த வாங்கிலேயே இருந்தேன். சொன்னால் முறை போய்விடும், டொக்டர் நாளைக்குப் போய்விடுவார். சொல்லாவிட்டால் ஒன்றும் நடக்காமலும் போகலாம். இதை நினைத்தேன் என்பது பாதி உண்மை. மற்றப் பாதி அந்த மூன்று ராத்தாமார். மாமி சோற்றைக் கொடுத்துக் கெடுத்தாள் என்று ஊரெல்லாம் கதைப்பார்கள். நான் ஒருவரிடமும் பிழை விட்டேன் என்று சொல்லி நின்றவள் அல்ல. அதுவரைக்கும்.

பிறகு மகளின் வயிறு நினைவுக்கு வந்தது. எழும்பினேன்.

உள் கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். நடையில் மருமகனின் கட்டில் சுவரோரமாக நின்றது. பக்கத்தில் மிஸி ஊசிக் குழாயில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வெளியே போகச் சொல்லிக் கையை வீசினாள். நான் என் வாயைக் காட்டி, சோறு அள்ளித் தின்கிற மாதிரிச் செய்து, மருமகனைக் காட்டினேன். அவளுக்கு விளங்கவில்லை. எனக்குப் பசி என்று நினைத்துக் கன்டீன் இருக்கும் பக்கம் கையைக் காட்டினாள்.

அங்கே சிங்களம் தெரிந்த எங்கள் ஆள் கட்டிலில் கிடந்தவர்தான். மில்லுக்கு வருகிற லொறிக்காரர்களோடு பழகி நன்றாகக் கதைப்பார் என்று மகள் சொல்லியிருக்கிறாள்.

"மருமகன்" என்றேன்.

அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்துவிட்டு முகட்டைப் பார்த்தார். நானும் அவரைப் பார்க்கவில்லை, கட்டிலின் கம்பியைத்தான் பார்த்தேன்.

"இந்த மிஸிக்குச் சொல்லுங்க. நான் உங்களுக்குச் சஹருக்குச் சோறு போட்டன் எண்டு. தெரியாமப் போட்டுட்டன் எண்டு சொல்லுங்க."

நான் இன்னும் ஒரு தரம் சொன்னேன்.

"எனக்குத் தெரியும் மாமி" என்றார்.

"என்ன தெரியும்?"

"திங்கப்படாது எண்டு. நேத்து ரத்தம் எடுக்கக்குள்ள எனக்கும் சொன்னவங்க."

"அப்ப என்னத்துக்குத் தின்டீங்க?"

"நீங்க ரெண்டாம் தரமும் தட்டினீங்க."

எனக்கு வந்த கோபத்தில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "தட்டினா? வேணாம் எண்டு சொல்லுறதுக்கு வாயில்லையா?"

"ஆருக்கிட்டச் சொல்ற? மாமா பள்ளியிலதானே படுத்தாரு."



மிஸி ஊசியோடு கிட்ட வந்தாள். "மாமி, இதச் சொன்னா இண்டைக்குச் செய்யமாட்டாங்க" என்று அவர் தணிந்த குரலில் அவசரமாகச் சொன்னார். "நாளைக்கு அவர் போயிருவாரு. புறகு எனக்கு ஆர்? அவளுக்கு அடுத்த மாசம். நான் சத்தி வராமப் பாத்துக்கொள்றன்."

"மயங்கிக் கிடந்துக்கிட்டு எப்பிடிப் பாத்துக்கொள்ளுவீங்க? மூடையெண்டு நினைச்சீங்களா, பல்லக் கடிச்சித் தூக்குறதுக்கு? சொல்லுங்க. நீங்க சொல்லாட்டி நான் இந்தக் கட்டில விடமாட்டன்."

"மாமி..."

"என்ட வீட்டுக்கு நடந்து வந்த நீங்க. சொல்லுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டு சிங்களத்தில் சொன்னார். மிஸி ஊசியைத் தட்டில் வைத்தாள். ஒவ்வொன்றாக அவள் கேட்க, ஒவ்வொன்றாக இவர் சொன்னார். தயிர் என்றபோது அவள் திரும்பி என்னைப் பார்த்து, "மீகிரித்?" என்றாள். தயிருமா என்கிறாள். அந்த ஒரு சிங்களச் சொல் எனக்குத் தெரியும், மட்டக்களப்புத் தயிரை அவர்கள் அப்படித்தான் கேட்டு வாங்குவார்கள். ஓம் என்று தலையாட்டினேன். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டு டொக்டரிடம் ஓடினாள்.

பேச்சு வாங்கினேன். நல்லாகவே வாங்கினேன். கொழும்பு டொக்டர் ஒருவர் வந்து சிங்களத்தில் ஏச, அதற்குள் திரும்பி வந்திருந்த தம்பி தமிழில் சொன்னான். பாதியை விட்டுவிட்டுத்தான் சொன்னான் என்பது டொக்டரின் முகத்தில் தெரிந்தது. பின்னால் அந்த வெளிநாட்டு டொக்டர் வந்தார். நெடுத்த மனிதர், தலையில் துணித் தொப்பி. கடிகாரத்தைப் பார்த்தார், சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்தார், விரலை மடித்து ஏதோ எண்ணினார். பட்டியலில் முதலாவதாக இருந்த மருமகனைக் கடைசிக்குப் போட்டார்கள். மற்ற ஐந்து பேரும் முடிந்து, அவருக்கு நேரமும் உடம்பில் தெம்பும் மிச்சமிருந்தால் எடுப்பார்களாம். இல்லாவிட்டால் இல்லை.

திருக்கோவில் பெண்ணின் மகள் முதலாவதாக உள்ளே போனாள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க போய்ச் சொன்னது நல்லதக்கா" என்றாள்.

தம்பி தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினான். நோன்பு என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "நீங்களுமா? சஹர் குடுத்துட்டீங்க. ஆஸ்பத்திரிக்காரன் எல்லாருக்கும் நோன்பு திறக்கிறதுக்குக் கஞ்சியும் காய்ச்சப் போறீங்களா?"

"வாயப் பொத்து."

"இல்ல, எனக்கும் ஒரு கோப்ப வைங்க எண்டு சொல்ல வந்தன்."

பகல் லுஹர்த் தொழுகை நேரம் போனது. திருக்கோவில் பிள்ளை வெளியே வந்து, கண் விழித்து, பிஸ்கட் கேட்டது. இன்னொருவர் போனார், வந்தார். ஒரு பையனுக்கு மட்டும் வெகு நேரம் எடுத்தது. ஒவ்வொரு தரம் கதவு திறக்கும்போதும் நான் பட்டியல் பக்கம் பார்ப்பேன். எனக்கு அதில் உள்ள எழுத்துத் தெரியாது, கோடு அடித்திருக்கிறதா என்று மட்டும் தெரியும். ஐந்தாவது கோடு விழுந்தபோது பின்னேரத்து அஸர் நேரம் தொடங்கிவிட்டது. வெளிநாட்டு டொக்டர் கதவருகில் நின்று ஒரு போத்தல் தண்ணீரை அப்படியே குடித்தார். என்னைக் கண்டார். அட்டன்டனிடம் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனார். அட்டன்டன் மருமகனின் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார். முந்தின நாள் என்னிடம் நோன்பு என்று சொன்ன அதே ஆள்தான். என் பக்கம் திரும்பவில்லை. அவரும் பேச்சு வாங்கியிருப்பார், பாவம்.

பொழுதுபடுகிற மஃரிபுக்குக் கொஞ்சம் முந்தி கொழும்பு டொக்டர் வெளியே வந்தார். தம்பி சொல்லச் சொல்லக் கேட்டேன். தொடையில் ஒரு குழாயில் இருந்து கம்பியை விட்டு, மேலே கொண்டுபோய், வெடித்த துவாரத்துக்குள் நுழைக்க வேண்டும். துவாரத்துக்கால் இரத்தம் பாய்கிற வேகத்தில் கம்பி விலகி விலகிப் போயிருக்கிறது. எத்தனையோ தரத்துக்குப் பிறகுதான் நுழைந்தது. பிறகு மற்றத் தொடைப் பக்கத்துக் குழாயால் அந்தக் கம்பி நுனியைப் பிடித்து, அந்த வழியால் குடையைக் கொண்டுபோய் விரித்தார்கள். உடைப்பு அடைபட்டுவிட்டது. ஓர் ஓரத்தால் சின்னக் கசிவு இருக்கிறது, அது நாளடைவில் தானாக நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள்.

"இரைச்சல்?" என்று கேட்டேன்.

தம்பி கேட்டுச் சொன்னான். "இல்லையாம் ராத்தா. துருசு பூட்டியாச்சாம்."

எங்கேயோ பள்ளியில் பாங்கு சொன்னது. தம்பியின் கையில் இருந்த தண்ணீரை வாங்கி நோன்பைத் திறந்தேன். அவசரத்தில் பாதி முக்காட்டில் கொட்டியது.

ஒரு நிமிடம் பார்க்க விட்டார்கள். மருமகனின் தொடையில் மணல் மூட்டை வைத்திருந்தது. காலை மடக்கக் கூடாதாம். உதட்டின் நீலம் குறைந்திருந்தது. நான் கால்மாட்டில் நின்றேன். அவர் பாதி மயக்கத்தில் கண்ணைத் திறந்து, "மாமி" என்றார்.

"என்ன மருமகன்?"

"பசிக்கிது."

"மிஸிக்கிட்டக் கேட்டுட்டுத்தான் தருவன்" என்றேன். தம்பியை இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். காலையில் இருந்த அதே மிஸி. அவள் சிரித்து, நாளைக்கு என்றாள். பிறகு விரலை நீட்டி எச்சரித்து ஏதோ சொன்னாள். தயிர் வேண்டாம் என்பது மொழி தெரியாமலே விளங்கியது.

ஆறு நாள் கழித்துப் பஸ் ஏறினோம். செக்பொயின்ட்டில் எல்லோரையும் இறக்கினார்கள். மருமகன் தன் பையைத் தானே எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். அந்தப் பக்கம் போய்ச் சேரும் வரைக்கும் ஓரிடத்திலும் நிற்கவில்லை. கல்முனையில் இறங்கியதும் தம்பி முச்சக்கர வண்டியைக் கூப்பிட்டான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒழுங்கை முடக்கில் மட்டும் நிறுத்தச் சொன்னேன். அங்கிருந்து வீட்டுக்கு ஐம்பது எட்டுத்தான். ராத்தாமார் மூன்று பேரும் வாசல் படலையில் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். நின்றார்கள். மருமகன் நடந்து போனார். நான் பின்னால் போனேன்.

சஹர்ச் சோற்றைப் பற்றி நான் அவர்களிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து நானே போய்ச் சொன்னேன். தம்பியின் வாயில் இருந்து அவர்கள் அதைக் கேட்பதற்கு இடம் வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் எல்லாம் பழையபடி ஆனது. செருப்புச் சத்தம் கேட்டால் நான் உள்ளே போவேன். "மருமகனுக்குச் சொல்லு" என்று மகளிடம் சொல்வேன். ஆஸ்பத்திரியில் கதைத்தது ஆஸ்பத்திரியோடு போயிற்று என்று நினைத்தேன். அது எனக்கு இலேசாகவும் இருந்தது, கொஞ்சம் ஒரு மாதிரியாகவும் இருந்தது.

அடுத்த மாதம் மகளுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு பகல் மருமகனுக்கு நான்தான் சோறு போட்டேன். மீன் ஆணமும் கீரையும். பீங்கானை வாசலில் வைத்துவிட்டு நிலையில் தட்டினேன். எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் ஓர் அகப்பைச் சோற்றைச் சின்னக் கோப்பையில் கொண்டுபோய் வைத்து மறுபடி தட்டினேன்.

உள்ளே சத்தமில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மாமி" என்று உள்ளே இருந்து குரல் வந்தது. "எனக்குக் காணும்."

"காணுமா?"

"ஓம் மாமி. வயிறு நிறைஞ்சிட்டு."

"அப்ப வைங்க" என்றேன்.

பீங்கான் வாசலுக்கு வந்தது. அதில் ஒரு பிடிச் சோறு மிச்சம் இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கோழிகளுக்குப் போட்டேன்.